பெல்லட் அடுப்பு: பெட்டி பாதி, குழாய் மீதி

இறுதியாண்டு, இயந்திரவியல் துறை

போன ஜனவரியில் ஒரு நாள், காலை எட்டரை மணி. ஹாஸ்டல் மெஸ்ஸில் பொங்கலுக்காகத் தட்டோடு வரிசையில் நிற்கிறேன். அக்காவிடமிருந்து போன். அக்கா குடும்பம் இருப்பது அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில். அங்கே அப்போது முந்தின நாள் இரவு பத்து மணி. வெளியே மைனஸ் 15 டிகிரி.

"தம்பி, கரண்ட் போயிடுச்சுடா. புது அடுப்புலேர்ந்து வீடு பூரா புகை. அலாரம் கத்துது. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல நிக்கிற காருக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கோம். ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லியாச்சு. நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? கரண்ட் போனா அடுப்பு ஏன்டா புகையை வீட்டுக்குள்ள விடணும்?"

பாப்பாவுக்கு அப்போது பத்து மாதம். எனக்குக் கை நடுங்கியது. பதிலும் தெரியவில்லை. தெர்மல் பேப்பரில் 78 மார்க் வாங்கியவன் நான்! நல்லவேளை, தீயணைப்புப் படை வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர்களை உள்ளே விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அக்கா கேட்ட கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அடுப்புக் கம்பெனிகள் தங்கள் நிறுவல் கையேடுகளை இலவசமாகத்தான் வெளியிடுகின்றன. மூன்று கையேடுகளை வாங்கி, மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். அதில் தேறியதுதான் இந்தக் கட்டுரை. நம்மில் எத்தனையோ பேருக்கு அண்ணனோ அக்காளோ குளிர் நாட்டில் இருக்கிறார்கள். நாளைக்கு நாமே போகலாம். படித்து வையுங்கள்.

முதலில் பெல்லட் என்றால் என்ன? மாட்டுத் தீவனக் கடையில் குச்சி குச்சியாக ஒரு தீவனம் விற்பார்களே, பார்த்திருப்பீர்கள். அதே உருவம், அதே மாதிரி மெஷினில்தான் தயாராகிறது. மரத்தூளை நன்றாகக் காயவைத்து, துளைகள் போட்ட எஃகு டையின் வழியாக மிகுந்த அழுத்தத்தில் தள்ளுகிறார்கள். அந்தச் சூட்டில் மரத்துக்குள் இருக்கும் லிக்னின் இளகி, தானே பசையாக வேலை செய்கிறது. தனியாகப் பசை எதுவும் தேவையில்லை. வெளியே வருவது சுமார் 6 மில்லிமீட்டர் கனத்தில் பளபளவென்று ஒரு குச்சி. விறகை விட ஈரம் குறைவு, சாம்பலும் குறைவு. எல்லாக் குச்சியும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் மெஷினால் எண்ணி எண்ணிப் போடவும் முடிகிறது. இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம்.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் எல்லோரும் எண்ணெய்க்கு மாற்று தேடினார்கள். பெல்லட் முதலில் பெரிய பாய்லர்களுக்குத்தான் போனது. வீட்டில் வைக்கும் அடுப்பாக அதை 1980-களில் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்ரி விட்ஃபீல்ட். போயிங் விமானக் கம்பெனியில் வேலை பார்த்த இன்ஜினியர். விமானக்காரர் அடுப்புப் பக்கம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. இதுவும் காற்றோட்டத்தை ஆளுகிற வேலைதான்.

இனி, உள்ளே நடப்பது என்ன என்று பார்ப்போம். பார்க்க டி.வி. ஸ்டாண்டு மாதிரி இருக்கும் இந்தப் பெட்டிக்குள் நம் சிலபஸ் பாதி ஒளிந்திருக்கிறது. மேலே ஹாப்பர். 40 பவுண்டு மூட்டை ஒன்றை, அதாவது 18 கிலோவை, அப்படியே கொட்டலாம். ஹாப்பரின் அடியில் ஆகர், அதாவது நம் மெட்டீரியல் ஹேண்ட்லிங் பேப்பரில் வருகிற ஸ்க்ரூ கன்வேயரின் குட்டி வடிவம். மோட்டார் நிமிடத்துக்கு இரண்டு மூன்று சுற்று, அதுவும் விட்டு விட்டுச் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பிடி குச்சி சரிந்து, துளை போட்ட எரிகிண்ணத்தில் விழும். பற்றவைக்க ஒரு மின் கம்பி, நம் வாட்டர் ஹீட்டர் ராடுக்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பின் அளவை நிர்ணயிப்பது ஆகர் எத்தனை விநாடி சுற்றுகிறது என்பதுதான்.

ப்ளோயர்கள் இரண்டு. ஒன்று அறைக் காற்றைச் சூடான குழாய்களின் மேல் ஊதி, வெப்பத்தை வீட்டுக்குள் அனுப்புவது. இதுவும் புகையும் சந்திப்பதே இல்லை. இன்னொன்று புகை ப்ளோயர். இது எரிகிண்ணத்துக்கும் புகைக்குழாய்க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் ஞாபகம் வருகிறதா? ப்ளோயருக்கு முன்னால் உறிஞ்சல், பின்னால் தள்ளல். ஆகவே அடுப்புக்குள் இருப்பது எதிர் அழுத்தம். கதவில் சின்ன இடுக்கு இருந்தாலும் அறைக் காற்று உள்ளே போகுமே தவிர, புகை வெளியே வராது. ஆனால் குழாயில் இருப்பது நேர் அழுத்தம். அங்கே ஒரு ஜாயின்ட் சரியாக அடைபடவில்லை என்றால், புகை அறைக்குள் ஊதப்படும்.

பழைய விறகடுப்புப் புகைபோக்கிக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். அந்தப் புகைபோக்கி முழுவதும் உறிஞ்சல், ஓட்டை இருந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கலாம். விறகடுப்பில் கைதேர்ந்த ஆள்கூட பெல்லட் குழாய் மாட்டும்போது கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். இதற்கென்றே இரட்டைச் சுவர்க் குழாய் விற்கிறார்கள்: உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வெளியே இன்னொரு தகடு, நடுவில் காற்று. ஜாயின்டுகளில் காஸ்கெட் அல்லது சூடு தாங்கும் சிலிக்கான் வைக்க வேண்டும். காஸ் அடுப்புக் குழாயையோ துணி உலர்த்தும் மெஷின் குழாயையோ மாட்டக் கூடாது. எரியக்கூடிய மரச்சுவரிலிருந்து குழாய் எத்தனை அங்குலம் தள்ளி இருக்க வேண்டும் என்பது குழாயிலேயே அச்சடித்திருக்கும்.

பாதுகாப்புக்குச் சில சுவிட்சுகளும் உண்டு. உறிஞ்சல் இல்லையென்றால் ஒரு பிரஷர் சுவிட்ச் ஆகரை நிறுத்தும். பெட்டி அதிகமாகச் சூடானால் இன்னொன்று நிறுத்தும். சில மாடல்களில் ஹாப்பர் மூடி திறந்தாலும் நிற்கும். எல்லாக் காண்டாக்டும் சீரியஸில். ஒன்று திறந்தாலும் குச்சி விழாது. டிரிபிள்-ஈ நண்பர்கள் கண்ணை மூடிக்கொண்டு சர்க்யூட் வரைந்து விடுவார்கள்.

சரி, அன்றிரவு நடந்தது என்ன? மாமாவிடம் போட்டோ அனுப்பச் சொன்னேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. அடுப்பைச் சுவரோரம் வைத்து, பின்னாலிருந்து நேராக ஒன்றரை அடிக் குழாயைச் சுவர் வழியே வெளியே நீட்டி வேலையை முடித்திருந்தார்கள். கடையின் பெயர் நமக்கு வேண்டாம். அரை நாளில் வேலை முடிந்தது என்று மாமாவுக்கு அப்போது பெரிய சந்தோஷம்.

கரண்ட் இருக்கும்வரை இந்த ஏற்பாடு ஜோராக ஓடும். கரண்ட் போனதும் ஆகர் நின்றுவிடும், அது நல்லது. புகை ப்ளோயரும் நின்றுவிடும். கிண்ணத்தில் ஏற்கெனவே விழுந்த ஒரு பிடி குச்சி மட்டும் நிற்காது, புகைந்துகொண்டே இருக்கும். அந்தப் புகை எங்கே போகும்? குழாய் படுக்கையாகக் கிடக்கிறது, மேலே இழுக்க எதுவும் இல்லை. வெளியே பனிக்காற்று வேறு குழாய் வாயில் எதிரே வீசுகிறது. புகை வந்த வழியே திரும்பி, காற்று நுழையும் துளை வழியாகவும் ஹாப்பர் வழியாகவும் வரவேற்பறைக்குள் வந்துவிட்டது. காற்று பற்றாமல் கனிகிற நெருப்பில்தான் கார்பன் மோனாக்சைடு அதிகம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்குப் புகை கண்ணுக்குத் தெரிந்தது, அலாரமும் இருந்தது. எல்லோரும் தூங்கிய பிறகு, அலாரமும் இல்லாத வீட்டில் இது நடந்திருந்தால்? இந்த வரியை எழுதும்போது இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இதற்கு வைத்தியம் கையேட்டிலேயே இருக்கிறது: குழாய் வெளியே போவதற்கு முன் சில அடியாவது செங்குத்தாக ஏற வேண்டும். ஐந்தடி, அதாவது 1.5 மீட்டர் ஏறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மைனஸ் 15 டிகிரியில் வெளிக்காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 1.37 கிலோ. 120 டிகிரிப் புகைக்கு சுமார் 0.90. வித்தியாசம் 0.47. அதை 9.81-ஆலும் 1.5-ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 7 பாஸ்கல். தண்ணீர் மட்டத்தில் சொன்னால் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை! ஆனால் ஒரு பிடி குச்சியின் மிச்சப் புகையை மெல்ல மேலே இழுத்துக்கொண்டு போக அந்தச் சின்ன இழுவை உதவும். அதற்குக் கரண்ட் வேண்டாம், சுவிட்ச் வேண்டாம்.

"அப்ப குழாயை நீளமா போட்டுட்டா சரியா?" என்றார் மாமா. அதற்கும் எல்லை உண்டு. குழாய் நீள நீள, வளைய வளைய, ப்ளோயருக்குப் பாரம். இதை அளக்க 'சமான நீளம்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு 90 டிகிரி எல்போ அல்லது ஒரு டீ என்றால் 5 அடி. 45 டிகிரி எல்போ 3 அடி. படுக்கைக் குழாய் அடிக்கு 1. செங்குத்துக் குழாய் அடிக்கு அரை, ஏனென்றால் அது தானும் கொஞ்சம் இழுக்கிறது. மொத்தம் 15-க்குள் இருந்தால் 3 அங்குலக் குழாய் போதும். தாண்டினால் 4 அங்குலம். நான் போட்ட திட்டம் இது. அடுப்புக்குப் பின்னால் சாம்பல் எடுக்க மூடியுள்ள ஒரு டீ, 5. அறைக்குள்ளேயே 5 அடி மேலே, 2.5. ஒரு எல்போ, 5. சுவர் தாண்ட 2 அடி, 2. கூட்டினால் 14.5. தப்பித்தோம்! முதலில் மாட்டிய நேர்க் குழாய்க்கு இதே கணக்கில் வெறும் ஒன்றரைதான் வரும். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் அதுதான் பிரமாதமான குழாய். கணக்கு சரி, வீடு புகை.

செங்குத்துக் குழாயை வெளிச்சுவரில் ஏற்றாமல் அறைக்குள்ளேயே ஏற்றச் சொன்னதற்கும் காரணம் உண்டு. வெளியே என்றால் குழாய் குளிர்ந்து இழுவை குறைந்துவிடும். குழாய் வாயையும் இஷ்டப்பட்ட இடத்தில் வைக்க முடியாது. திறக்கிற ஜன்னலுக்கோ கதவுக்கோ கீழேயும் பக்கவாட்டிலும் 4 அடி தள்ளி இருக்க வேண்டும், அல்லது அதற்கு மேலே 1 அடி உயரத்தில் இருக்க வேண்டும். அக்கா வீட்டில் பாப்பா தூங்கும் அறை ஜன்னல் மூன்றடியில் இருந்தது. அடுப்பையே அடுத்த சுவருக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. நவம்பரில் வாங்கியதிலிருந்தே மாலை ஏழு மணி வாக்கில் அடுப்பு தானாக நின்றுவிடுமாம். 'உறிஞ்சல் குறைவு' என்று திரையில் எழுத்து வரும். மாமா மறுபடி ஆன் செய்வார், அவ்வளவுதான். "ஏழு மணிக்கு வீட்டில் என்ன நடக்கும் அக்கா?" என்று கேட்டேன். "என்ன நடக்கும், ரசம் தாளிப்பேன்" என்றாள். பிடிபட்டது கள்ளன்! அந்த ஊர் வீடுகள் குளிருக்காக இறுக்கி மூடப்பட்டவை. மிளகாய் நெடி போக அக்கா சமையலறை ஹூட்டை முழு வேகத்தில் வைக்கிறாள். அது நிமிடத்துக்கு 400 கன அடிக் காற்றை வெளியே தள்ளும் ரகம். வீட்டுக் காற்றுக்கு ஹூட்டும் அடுப்பும் கயிறு இழுக்கின்றன, ஹூட் ஜெயிக்கிறது, பிரஷர் சுவிட்ச் அடுப்பை நிறுத்துகிறது. சுவிட்ச் தன் கடமையைச் செய்திருக்கிறது, நாம்தான் அதைத் தொல்லை என்று நினைத்தோம். தீர்வு, அடுப்புக்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்தே தனிக் குழாயில் கொண்டு வருவது. பல கடைகளில் இதை 'வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம்' என்று சொல்வார்கள். நம்மவர் சமைக்கும் வீடு என்றால் வேண்டும் என்றே சொல்வேன்.

எந்த அளவு அடுப்பு? பெரியதாக வாங்கினால் நல்லது என்பது நம் ஊர் எண்ணம். இங்கே அது தப்பு. பெரிய அடுப்பை எப்போதும் குறைந்த தீயில் ஓட்டினால் கரி படிந்து கண்ணாடி கறுத்துவிடும். மேலும், இது ஓர் இடத்தைச் சூடாக்கும் சாதனம். மாடி அறைக்குச் சூடு தானாகப் போய்ச் சேராது. ஒரு நுணுக்கம் உண்டு. எண்ணெய் பாய்லரின் தெர்மோஸ்டாட் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால், 'வீடு சூடாகத்தான் இருக்கு' என்று பாய்லர் தூங்கிவிடும். அடித்தளத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். அடுப்பு வாங்கினாலும் பாய்லரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது.

வாங்கும்போது அடுப்பின் பின்னால் உள்ள தகட்டைப் படிக்க வேண்டும். 2020 மே 15 முதல் அமெரிக்காவில் விற்கும் புது அடுப்பு மணிக்கு 2 கிராமுக்கு மேல் துகள் விடக் கூடாது என்பது விதி. அடியில் எரியாத தளம் வேண்டும். பெரும்பாலான ஊர்களில் பர்மிட் வாங்கி, வேலை முடிந்ததும் ஆள் வந்து பார்ப்பார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிட வேண்டும். அக்கா வீட்டில் பர்மிட் போடாமலே மாட்டியிருக்கிறார்கள். போட்டிருந்தால் அந்தப் படுக்கைக் குழாயை அன்றே யாராவது கேள்வி கேட்டிருப்பார்.

பணக் கணக்கு கேட்பீர்கள். ஒரு பவுண்டு பெல்லட்டில் சுமார் 8,000 பி.டி.யு. வெப்பம். அவர்கள் டன் என்பது 2,000 பவுண்டு, 50 மூட்டை. ஆக, டன்னுக்கு 1 கோடியே 60 லட்சம் பி.டி.யு. ஹீட்டிங் ஆயில் ஒரு காலனில் சுமார் 1,38,500. வகுத்தால் ஒரு டன் பெல்லட் ஏறக்குறைய 115 காலன் எண்ணெய்க்குச் சமம். எண்ணெய் காலன் 4 டாலர், பெல்லட் டன் 350 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 110 டாலர் லாபம். குளிர்காலத்துக்கு மூன்று டன் என்றால் 330. எண்ணெய் 3 டாலருக்கு இறங்கினால்? லாபம் போய் 5 டாலர் நஷ்டம்! அடுப்பு, குழாய், கூலி எல்லாம் சேர்த்து 5,000 டாலர் ஆனது என்றால், 330 வீதம் அசல் திரும்ப 15 வருஷம். இதைக் கேட்டு மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. மரக்குச்சி விலை ஏறாது என்றும் நம்ப முடியாது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியபின் ஐரோப்பாவில் பெல்லட் விலை எகிறியது. இத்தாலி அரசு 2023-க்கு பெல்லட் வரியை 22 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்க வேண்டி வந்தது. நம் பக்கத்திலும் இதைப் பார்த்தாயிற்று. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வில் பிறந்த 'ஊர்ஜா' என்ற பெல்லட் சமையலடுப்பு 2006 வாக்கில் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் விற்பனைக்கு வந்தது. அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. பெல்லட் விலை ஏற ஏற, பல வீடுகளில் அது பரணுக்குப் போனது.

மூட்டைகளை நனையாமல் வைக்க இடம் வேண்டும். நனைந்தால் பெல்லட் பழையபடி மரத்தூள். கிண்ணத்தைத் தினமும் சுரண்ட வேண்டும். துளை அடைபட்டால் தீ சோம்பும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். அணைந்த மாதிரி தெரியும் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். குழாயை வருஷத்துக்கு ஒரு முறையாவது துடைக்க வேண்டும். சலிப்பான வேலைதான்.

பிப்ரவரியில் புதுக் குழாய், வெளிக்காற்றுக் குழாய் எல்லாம் மாட்டி முடித்தார்கள், இந்தத் தடவை பர்மிட்டோடு. படுக்கை அறைப் பக்கமும் ஓர் அலாரம் கூடுதலாக வைத்தார்கள். மார்ச்சில் ஒரு பனிப்புயல். மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. அக்கா அலாரத்தின் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள்: சைபர். எனக்குத் தலைகால் புரியவில்லை! மெஸ்ஸில் அன்று எல்லோருக்கும் டீ என் கணக்கு.

அடுத்த நிமிஷமே இன்னொரு மெசேஜ். "புகை வரல, சரி. சூடும் வரலையேடா. வீடு குளிருது. இதுக்கு என்ன பண்ணுவ?" நியாயம்தான். 2008 டிசம்பர் பனிமழையில் அந்த மாநிலத்தில் லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கரண்ட் போய், சில இடங்களில் இரண்டு வாரம்வரை வரவில்லை. பற்றவைக்கும்போது 300, 400 வாட், ஓடும்போது 100 முதல் 200 வாட் கேட்கும் அடுப்பு இது. சைன் வேவ் இன்வெர்ட்டர், பேட்டரி எத்தனை ஆம்பியர்-அவர், எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட வேண்டும். 2012 மின்வெட்டைப் பார்த்த தமிழ்நாட்டுக்காரனுக்கு இன்வெர்ட்டர் புதுசா என்ன? அந்தக் கேள்வியை டிரிபிள்-ஈ படிக்கும் என் ரூம்மேட்டிடம் தள்ளிவிட்டிருக்கிறேன். மலர் அச்சுக்குப் போகும்வரை அவன் பதில் சொல்லவில்லை.